செட்டிநாடு: ஒரு சொல், ஐந்து எழுத்து, பத்து கேரக்டர்

கட்டுரைப் போட்டி அறிவிப்பில் "500 சொற்களுக்கு மிகாமல்" என்று இருக்கும். விடுதி முன்பதிவுத் தளத்தில் "300 கேரக்டருக்குள் உங்கள் இல்லத்தைப் பற்றி எழுதவும்" என்பார்கள். கோயில் விழாச் செய்தியைக் குறுஞ்செய்தியாக அனுப்பித் தரும் நிறுவனம் இன்னொரு கணக்குச் சொல்லும். காரைக்குடியில் கல்லூரி மாணவர், கானாடுகாத்தானில் பழைய வீட்டை விடுதியாக நடத்துகிறவர், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) அழைப்பிதழுக்கு வாசகம் எழுதுகிறவர் என எல்லோருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும்: நான் எழுதியது எவ்வளவு நீளம்?

இதைச் சொல்லத்தான் இணையத்தில் வேர்ட் கவுண்டர் என்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஒரு பெட்டி இருக்கும். அதில் எழுதியதை ஒட்டினால் சொல் எத்தனை, கேரக்டர் எத்தனை, இடைவெளியைச் சேர்த்து எத்தனை, சேர்க்காமல் எத்தனை, வாக்கியம் எத்தனை, எந்தச் சொல் எத்தனை முறை வந்தது என்று உடனே காட்டும். பயன்படுத்துவதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. காட்டுகிற எண்ணைத் தமிழுக்கு எப்படிப் படிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை.

ஆகவே புதிதாக ஒரு கருவியைத் திறந்ததும் கட்டுரையை ஒட்டாதீர்கள். முதலில் "செட்டிநாடு" என்று மட்டும் தட்டிப் பாருங்கள்.

நாம் எண்ணினால் செ, ட், டி, நா, டு என்று ஐந்து எழுத்து. பெரும்பாலான கருவிகள் பத்து கேரக்டர் என்று காட்டும். தமிழை ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்த சில கருவிகள் ஐந்து என்றே காட்டும். அபூர்வமாக 30 என்று வந்தால் அது பைட் கணக்கு, அதாவது சேமிக்கக் கணினிக்குத் தேவைப்படும் இடத்தின் அளவு. மூன்றுமே தப்பில்லை, மூன்றும் வெவ்வேறு பொருளை எண்ணுகின்றன. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கோயில் வரியில் நடப்பது போலத்தான் இதுவும். அங்கே கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. வீட்டில் நாலு குழந்தைகள் இருந்தாலும் கணக்கில் ஒரு புள்ளிதான். பந்திக்கு இலை போடுகிறவர் அதே வீட்டுக்கு ஆறு இலை போடுவார். எதற்காக எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து எது "ஒன்று" என்பது மாறுகிறது.

பத்து எப்படி வந்தது? கணினி தமிழை வைத்திருக்கும் யூனிகோடு முறையில் தமிழின் 247 எழுத்துக்கும் தனித்தனி எண் கிடையாது. 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது என்றாலும், கிடைத்தது 128 கட்டங்கள் கொண்ட ஒரு பகுதிதான். அதில் உயிரெழுத்துகள், க ங ச என்ற அகரமேறிய மெய்கள், கால், கொம்பு, விசிறி, மேலே வைக்கும் புள்ளி போன்ற துணைக்குறிகள் ஆகியவற்றுக்குத்தான் எண். "டி" என்பது ட-வும் அதன் விசிறியும் சேர்ந்த இரண்டு. "ட்" என்பது ட-வும் மேற்புள்ளியும் சேர்ந்த இரண்டு. கணினிக்கு மெய்யெழுத்து அகரமேறியதைவிட நீளம்! செட்டிநாட்டில் ஐந்து எழுத்துமே இப்படி இரட்டையாக அமைந்ததால் பத்து. "அழகப்பா" என்று தட்டினால் அதுவும் ஐந்து எழுத்துதான், ஆனால் ஏழே கேரக்டர். அ, ழ, க மூன்றும் துணைக்குறி இல்லாதவை. இந்த ஒவ்வொரு கேரக்டரையும் யூடிஎஃப்-8 என்ற முறையில் சேமிக்க மூன்று பைட் வேண்டும். அதனால்தான் செட்டிநாடு 30 பைட் ஆகிறது.

எழுத்துக்கு ஒரே எண் கொடுக்கும் டேஸ்16 என்ற முறையையும் தமிழக அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்டது. ஆனால் இணையம் யூனிகோடிலேயே ஓடுவதால் நம் கணக்கும் அதில்தான்.

யாப்பு படித்தவர்களுக்கு இதெல்லாம் அதிர்ச்சி தராது. கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கினால் பதினேழு, அதுவும் ஒற்றெழுத்துகளை நீக்கிவிட்டு. அந்தக் கணக்கில் செட்டிநாடு நாலு எழுத்து. 1939-இலிருந்து கம்பன் விழா நடக்கும் காரைக்குடியில் இந்த எண்ணும் முறை தெரிந்தவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். எந்த வேர்ட் கவுண்டரிலும் இதற்கு ஒரு பொத்தான் நான் பார்த்ததில்லை, வைத்தால் நன்றாக இருக்கும்.

கேரக்டர் கணக்கு காசாகும் இடம்

கட்டுரைக்குக் கேரக்டர் கணக்குப் பெரிதாகத் தேவைப்படாது. குறுஞ்செய்தியில் அது நேராகப் பணம். ஒரு எஸ்எம்எஸ்-இல் ஆங்கிலம் 160 கேரக்டர் போகும். தமிழ் எழுத்து ஒன்று கலந்தாலே அந்தச் செய்தியின் எல்லை 70 ஆகக் குறைந்துவிடும். 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும், துண்டுகளை ஒட்டவைக்கும் குறிப்புக்கும் இடம் வேண்டியிருப்பதால் ஒவ்வொரு துண்டும் 67-தான் கொள்ளும்.

ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம்: "நகரச்சிவன் கோயில் கும்பாபிஷேகம் வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கு. அனைவரும் வருக."

கண்ணால் எண்ணினால் 38 தமிழ் எழுத்து, ஒரு இலக்கம். எழுபதில் பாதிதானே என்று தோன்றும். கருவியில் ஒட்டினால் 76 என்று வரும். 38 எழுத்தும் 65 கேரக்டராக விரிகிறது. ஒன்பது என்ற இலக்கம், இரண்டு முற்றுப்புள்ளி, எட்டு இடைவெளி எல்லாம் சேர்ந்து 76. ஆறு கேரக்டர் கூடியதற்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு எஸ்எம்எஸ் கட்டணம். ஊர்க்காரர்கள் சென்னை, கோவை என்று பரவியிருக்கும்போது பட்டியல் நீளமாக இருக்கும், கட்டணமும் அப்படியே இரட்டிப்பாகும். "அனைவரும்" என்ற சொல்லையும் அதன் இடைவெளியையும் எடுத்துவிட்டால் 67, ஒரே செய்தியில் முடிந்துவிடும். "வருக" என்றாலே எல்லோரையும்தானே கூப்பிடுகிறோம்.

இங்கே பார்க்கவேண்டியது இடைவெளியைச் சேர்த்த எண். சில கருவிகள் இடைவெளி சேராத எண்ணைப் பெரிய எழுத்தில் காட்டும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. எழுத்துக் கணக்குக் காட்டும் கருவியும் இந்த வேலைக்கு ஆகாது. அது 38-ஐத்தான் பெரிதாக்கிக் காட்டும்.

யூடியூபிலும் இதே கதை. செட்டிநாட்டுச் சமையல் காணொளி போடுகிறவர் தலைப்புக்கு 100 கேரக்டர் வரை எழுதலாம். தமிழில் அது ஐம்பது எழுத்துச் சொச்சத்திலேயே நிறைந்துவிடும். விவரிப்புப் பகுதிக்கு 5000 என்பார்கள். அது 5000 கேரக்டர் என்று நினைத்து உப்புக்கறிக்கு அளவு, செய்முறை, பாட்டி சொன்ன பக்குவம் எல்லாம் எழுதினால் பாதியிலேயே ஏற்க மறுக்கும். யூடியூப் தன் நிரலாளர்களுக்குத் தரும் ஆவணத்தில் அந்த 5000 பைட் என்றுதான் இருக்கிறது. தமிழுக்கு மூன்று பைட் என்ற கணக்கில் 1666 கேரக்டர், எழுத்தாகப் பார்த்தால் ஆயிரத்துக்கும் கீழே. எக்ஸ் தளத்தின் 280-ஓ கேரக்டர் கணக்கு, அங்கே கவலை குறைவு.

சொல் கணக்கு

சொல்லை எண்ணுவதற்குக் கருவி செய்வது மிக எளிய வேலை: இடைவெளி எங்கே வருகிறது என்று பார்த்து வெட்டுகிறது. தமிழில் எங்கே இடைவெளி விடுவது என்பது எழுதுகிறவர் கையில் இருப்பதால் எண்ணும் அவர் கையில்தான் இருக்கிறது. "சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்" ஒரு சொல். "சாப்பிட்டுக் கொண்டிருந்தார்கள்" இரண்டு. "சாப்பிட்டுக் கொண்டு இருந்தார்கள்" மூன்று. பொருளில் ஒரு மாற்றமும் இல்லை.

500 சொல்லுக்குள் அடங்காத கட்டுரையைச் சேர்த்துச் சேர்த்து எழுதி 460 ஆக்கிவிடலாம். போட்டி நடுவர்கள் இதைக் கவனிக்காமல் இருப்பதில்லை. படிப்பதற்கும் அது மூச்சு முட்டும். நான் சொல்வேன், உங்களுக்குப் பழகிய முறையில் இடைவெளி விட்டு எழுதி முடித்துவிட்டு அப்புறம் எண்ணுங்கள், கூடினால் வாக்கியத்தை எடுங்கள். ஒட்டு வேலை வேண்டாம்.

மொழிபெயர்க்கிறவர்கள் இதில் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். "வளவுக்குள் போகாதீர்கள்" என்பது தமிழில் இரண்டு சொல் (வளவு என்பது செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றம்). ஆங்கிலத்தில் இதையே சொல்ல ஐந்தாறு சொல் ஆகும். வேற்றுமை உருபும் எதிர்மறையும் மரியாதையும் தமிழில் சொல்லுக்குள்ளேயே போய்விடுகின்றன. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றும்போது சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், எந்த மொழிச் சொல்லை எண்ணுவது என்பதை முதலிலேயே பேசிவிடுவது நல்லது. தமிழ்ச் சொல்லை எண்ணினால் மொழிபெயர்ப்பாளருக்கு நஷ்டம்.

சில கருவிகளில் சொல் கணக்கு அடியோடு தப்பாகும். ஆங்கில எழுத்தை மட்டுமே எழுத்து என்று அறிந்த கருவியில் தமிழ்ப் பத்தியை முழுக்க ஒட்டினாலும் 0 என்று நிற்கும். இன்னொரு வகை, கொம்பையும் காலையும் எழுத்தாக ஏற்காமல் அவை வருமிடத்திலெல்லாம் சொல்லை முறித்துவிடும். அதில் செட்டிநாடு ஐந்து சொல்! இந்தச் சோதனைச் சொல்லுக்குச் சொல் எண்ணிக்கை 1 என்று வராவிட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். கூகுள் டாக்ஸும் எம்எஸ் வேர்டும் இந்தச் சோதனையில் தேறும். சொல் எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் வேறு தளத்தையே தேட வேண்டாம். டாக்ஸில் கன்ட்ரோல், ஷிப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். வேர்டில் கீழ் இடது ஓரத்தில் எண் எப்போதும் தெரியும்.

எந்தச் சொல் எத்தனை முறை

எனக்கு இந்தக் கருவிகளில் பிடித்த பகுதி இதுதான். நீளத்தைச் சொல்வதைவிட நம் எழுத்தின் பழக்கதோஷத்தைக் காட்டுவதில் இதற்கு மதிப்பு அதிகம். ஆனால் தமிழில் கருவி ரொம்பத் தடுமாறுவதும் இங்கேதான். ஒரு விடுதி அறிமுகத்தைப் பார்ப்போம்:

"எங்கள் வீடு பாரம்பரியமான செட்டிநாட்டு வீடு. வீட்டின் முகப்பில் பர்மா தேக்குத் தூண்கள். வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம். வீட்டுக்குள் வளவு உண்டு. வளவைச் சுற்றி அறைகள். பாரம்பரிய உணவு கிடைக்கும். பாரம்பரியமிக்க ஆத்தங்குடிக் கல் தரை."

மொத்தம் 26 சொல். கருவி தரும் பட்டியலில் "வீடு" இரண்டு முறை, மற்ற எல்லாம் ஒவ்வொரு முறை. 26-இல் 25 வெவ்வேறு சொற்கள், பிரமாதமான சொல்வளம் என்று அது நினைக்கும். முற்றுப்புள்ளியைச் சொல்லோடு சேர்த்து எடுத்துக்கொள்ளும் கருவியாக இருந்தால் "வீடு", "வீடு." இரண்டையும் பிரித்து 26-ம் வேறு வேறு என்றே சொல்லிவிடும். படிக்கிற நமக்கோ வீடு ஐந்து முறையும் பாரம்பரியம் மூன்று முறையும் காதில் இடிக்கிறது. வளவும் சுற்றியும் இரண்டிரண்டு. உருபுகளையும் ஒற்றையும் கழித்துப் பார்த்தால் வெவ்வேறு சொல் 18-தான்.

ஒற்று செய்கிற வேலை தனி. வீட்டை, வீட்டைக், வீட்டைச், வீட்டைத், வீட்டைப் என்று அடுத்த சொல் எதுவோ அதற்கேற்ப ஒரே சொல் ஐந்து உருவத்தில் நிற்கும், கருவி ஐந்தையும் ஐந்து பேராக எழுதிக்கொள்ளும். சந்தி சுத்தமாக எழுதுகிறவருடைய சொல்வளம் கருவியின் கண்ணில் கூடித் தெரிவது இதனால்தான்.

இதற்குக் கைவைத்தியம் ஒன்று உண்டு. பட்டியலை எண்ணிக்கை வரிசையில் பார்க்காமல் அகர வரிசையில் பாருங்கள். பாரம்பரிய, பாரம்பரியமான, பாரம்பரியமிக்க மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். தமிழில் உருபு சொல்லின் கடைசியில் ஒட்டுவதால் தலை மாறுவதில்லை, வரிசைப்படுத்தினாலே குடும்பம் சேர்ந்துவிடும். அகர வரிசை வசதி இல்லாத கருவி என்றால் பட்டியலை எக்ஸெலில் ஒட்டி வரிசைப்படுத்திக்கொள்ளலாம். வீடு, வீட்டை போல நடுவில் ஒற்று இரட்டிக்கும் சொற்கள் மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கும், அதைக் கண்ணால் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பு இருக்கிறது. சொல்லைத் தமிழ் எழுத்துகளாகச் சரியாகப் பிரித்துத் தரும்.

நீளமான கட்டுரையில் பட்டியலின் உச்சியில் ஒரு, இந்த, அந்த, என்று, உள்ளது என்பவை இருக்கும். அவற்றைப் பார்த்துப் பதறத் தேவையில்லை, எல்லோர் எழுத்திலும் அவைதான் மேலே. அதற்குக் கீழே வரும் பெயர்ச்சொல்லும் அடைமொழியும்தான் பார்க்கவேண்டியவை. செட்டிநாட்டைப் பற்றி எழுதும்போது "பிரம்மாண்டமான", "அழகிய", "கண்கவர்" மூன்றும் தாமாகவே கைக்கு வந்துவிடும். எண்ணிக்கையைப் பார்த்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். கூச்சப்பட்ட பிறகு, "பிரம்மாண்டமான வளவு" என்பதற்குப் பதில் வளவில் எத்தனை தூண், ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு இலை போடலாம் என்று எழுதத் தோன்றும்.

ஒரே சொல் பட்டியலில் இரண்டு முறை வந்து, உற்றுப் பார்த்தாலும் வித்தியாசமே தெரியாமல் இருப்பதும் உண்டு. "கொட்டான்" என்று ஓலைக்கூடையைப் பற்றி எழுதுகிறீர்கள். கொ-வில் வரும் ஒற்றைக்கொம்பையும் காலையும் யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரண்டு தனிக்குறியாகவும் வைக்கலாம். திரையில் ஒன்றுபோலவே இருக்கும். முதல் வகையில் கொட்டான் எட்டு கேரக்டர், இரண்டாவதில் ஒன்பது. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய பகுதியும் புதிதாகத் தட்டிய பகுதியும் கலந்த கோப்பில் இதைப் பார்க்கலாம். இன்னொன்று நாமே செய்வது: கௌரவம் என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டு ள-வைத் தட்டுவது. "கெளரவம்" ஐந்து எழுத்து, "கௌரவம்" நாலு. தேடினால் ஒன்று கிடைக்கும்போது மற்றது கிடைக்காது.

கிரந்த எழுத்திலும் சின்னச் சிக்கல் உண்டு. க்ஷ நமக்கு ஒன்று. எழுத்துக் கணக்குப் போடும் கருவிகள் பலவும் க், ஷ என்று இரண்டாகப் பிரிக்கும். எங்கள் பக்கம் லெட்சுமி, லெட்சுமணன் என்று எழுதுவதால் பாதித் தொல்லை இல்லை.

எண்ண முடியாதவையும் உண்டு. அழைப்பிதழ் அச்சுக்கடைகளில் இன்னும் புழங்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை ஒட்டினால் பெட்டியில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத்தான் விழும். சொல் கணக்கு ஓரளவு சரியாக வந்தாலும் கேரக்டர் கணக்கும் சொல் பட்டியலும் உதவாது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் எண்ண வேண்டும். பழைய புத்தகத்தைப் படமாக எடுத்த பிடிஎஃப் என்றால் அதில் எண்ணுவதற்கு எழுத்தே கிடையாது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும்தான் 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் ஆயின. அந்தக் காலத்து நூல் ஒன்றின் பக்கப் படம் உங்கள் கையில் இருந்தால், எழுத்துணரி மென்பொருளில் கொடுத்து எழுத்தாக்கி, பிழை திருத்திய பிறகுதான் வேர்ட் கவுண்டருக்கு அதில் வேலை.

சில கருவிகள் படிக்கும் நேரம், எளிமை மதிப்பெண் என்றெல்லாம் கூடுதலாகக் காட்டும். படிக்கும் நேரம் நிமிடத்துக்கு இருநூறு சொச்சம் ஆங்கிலச் சொல் என்ற கணக்கில் வருவது. தமிழ்ச் சொல் நீளமானதால் அது சொல்வதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். எளிமை மதிப்பெண் ஆங்கில அசைகளை வைத்துப் போடுவது, தமிழுக்கு அதைப் பார்க்கவே வேண்டாம்.

ஒட்டுகிற எழுத்து எங்கே போகிறது என்பதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தைத் திறந்துவிட்டு, இணைய இணைப்பை அணைத்துவிட்டு, பெட்டியில் தட்டிப் பாருங்கள். எண் தொடர்ந்து மாறினால் எண்ணும் வேலை உங்கள் கணினியிலேயே நடக்கிறது. நின்றுவிட்டால் நீங்கள் ஒட்டுவது வேறெங்கோ உள்ள கணினிக்குப் போய் எண்ணப்பட்டுத் திரும்புகிறது என்று கொள்ளலாம். விடுதி அறிமுகத்துக்கு அதனால் ஒன்றும் இல்லை. பங்காளிகள் பெயரும் முகவரியும் உள்ள பாகப்பிரிவினைப் பத்திரம், தொலைபேசி எண்களோடு கூடிய விருந்தினர் பட்டியல் போன்றவற்றை எப்படியிருந்தாலும் வேர்டில் வைத்தே எண்ணிக்கொள்ளுங்கள்.